எக்செல் குமாஸ்தா – கடிதம்

அன்புள்ள சார்,

எனக்குப் பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை பக்கம். கோவையில் எம்.பி.ஏ. முடித்து, அங்கேயே ஒரு ஐ.டி. கம்பெனியில் ஹெச்.ஆர். அனலிஸ்ட்டாக இருக்கிறேன். தினமும் வேலந்தாவளம் வழியாகப் பஸ்ஸில் போய் வருகிறேன். இப்போது கேரள அரசின் பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் அதே வேலை கிடைத்திருக்கிறது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆபீஸ் நண்பர்கள்தான் பயமுறுத்துகிறார்கள். "ஆளை எடுப்பதும் உன் கையில் இல்லை, அனுப்புவதும் உன் கையில் இல்லை. அங்கே போய் என்னத்தை அனலைஸ் பண்ணுவாய்? எக்செல் குமாஸ்தா ஆகிவிடுவாய்" என்கிறார்கள். நீங்கள் பணியாளர் பிரிவில் இருந்தவர் என்பதால் கேட்கிறேன், போகலாமா? இன்னொன்று, நான் தமிழ் மீடியம். மலையாளம் பேசுவேன், வாசிப்பேன், எழுதத்தான் திணறுவேன்.

ச.

அன்புள்ள ச.,

உங்கள் நண்பர்கள் சொன்னதில் பாதி சரி. ஆள் எடுப்பது பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) அல்லது பொதுத்துறைக்கென்று உள்ள தேர்வு வாரியத்தின் வேலை. சம்பளம் யூனியனோடு போடும் ஒப்பந்தத்தில் முடிவாகும். பதவி உயர்வுக்கு சீனியாரிட்டி லிஸ்ட்டும் டி.பி.சி. என்ற பதவி உயர்வுக் குழுவும் இருக்கின்றன. 'அடுத்த ஆறு மாதத்தில் யார் வேலையை விடுவார்' என்று கோவையில் கணக்குப் போட்டிருப்பீர்கள். அந்த வித்தை இங்கே செல்லாது. யாரும் விடமாட்டார்கள். ஆனால் எல்லோரும் ரிட்டயர் ஆவார்கள், அதிலும் பெரும்பகுதி ஒரே நாளில்.

சேர்ந்ததும் ஊழியர் பட்டியலை வாங்கி, பிறந்த மாதத்தை வைத்துப் பிரித்துப் பாருங்கள். பழைய ஆட்களில் மே மாதம் மட்டும் தனியாக எழுந்து நிற்கும். நம் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில் மே மாதம் பார்த்துப் பிள்ளை பெறும் வழக்கம் ஒன்றும் இல்லை. பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும் என்று 1969லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனால் வீட்டில் பிறந்த பிள்ளைக்கு யார் போய்ப் பதிந்தார்கள்? ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்பதால், அட்மிஷன் அன்று மேயில் ஒரு தேதியைப் போட்டுக்கொண்டார்கள். அது எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போனது, அங்கிருந்து சர்வீஸ் புக் என்ற பணிப் பதிவேட்டுக்கு வந்தது. ஓய்வு நெருங்கும் நேரத்தில் பிறந்த தேதியைத் திருத்தக் கேட்பதை உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் ஏற்கவில்லை. பிறந்த மாதத்தின் கடைசி நாள்தான் ஓய்வு நாள். அதனால்தான் கேரளத்தில் மே 31 அன்று ஒரே நாளில் ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் வெளியேறுவது ஆண்டுதோறும் செய்தியாகிறது.

இதில் அனலிஸ்ட்டுக்கு என்ன வேலை என்கிறீர்களா? முதலில் பணம். கிராஜுவிட்டி என்ற பணிக்கொடைக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தையும் பஞ்சப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, சர்வீஸ் வருஷத்தால் பெருக்குவோம். 52,000 ரூபாய் வாங்கியவர் 30 வருஷம் இருந்தால் 9 லட்சம். அப்படி இருபது பேர் ஒரே நாளில் போனால் 1 கோடியே 80 லட்சம். சட்டப்படி 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். எடுக்காத லீவுக்குக் கொடுக்கும் பணம் (லீவ் சரண்டர்) தனி. நஷ்டத்தில் ஓடும் கம்பெனியின் ஃபைனான்ஸ் மேனேஜருக்கு இந்தத் தொகை ஏப்ரலில் தெரிந்தால் வயிற்றெரிச்சல்தான் மிச்சம். மூன்று வருஷம் முன்னால் தெரிந்தால் ஏதாவது ஏற்பாடு செய்வார்.

பணத்தை விடப் பெரியது காலி இடக் கணக்கு. தேர்வில் தேறியவர்களை வரிசைப்படுத்தும் பி.எஸ்.சி. ரேங்க் லிஸ்ட்டுக்கு ஆயுள் குறைந்தது ஒரு வருஷம், அதிகம் போனால் மூன்று வருஷம். உங்கள் கம்பெனிக்கு பி.எஸ்.சி. மூலம் ஆள் எடுக்கும் பதவிகள் இருந்தால் இதை மறக்கவே கூடாது. மேயில் காலியாகப்போகும் இடத்தை முன்கூட்டியே பி.எஸ்.சி.க்கு ரிப்போர்ட் செய்யாமல் விட்டு, லிஸ்ட் ஏப்ரலில் காலாவதியானால் அந்த இடம் அடுத்த லிஸ்ட்டுக்குப் போய்விடும். பழைய லிஸ்ட்டின் வால் பகுதியில் நின்ற பையனுக்கு, பெண்ணுக்கு வயது வரம்பும் தாண்டியிருக்கலாம். ஆளை எடுப்பது உங்கள் கையில் இல்லைதான். எந்த மாதம் ரிப்போர்ட் போகிறது என்பது உங்கள் அட்டவணையில் இருக்கிறது.

2022 அக்டோபர் கடைசியில் கேரள அரசு பொதுத்துறை நிறுவனங்களின் ஓய்வு வயதை 60 என்று ஒரே சீராக்கி ஓர் உத்தரவு போட்டது. வேலை வாய்ப்பு போய்விடும் என்று இளைஞர் அமைப்புகள் எதிர்த்துக் கிளம்பின, ஆளுங்கட்சியின் இளைஞர்களும் சேர்த்து. நவம்பர் தொடக்கத்திலேயே உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. 'வருஷவாரியாக ஓய்வு பெறுவோர்' என்று நீங்கள் தயாரிக்கப்போகும் சாதுவான அட்டவணையின் இரண்டு பக்கமும் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

அப்புறம் ஆள் எண்ணிக்கை. எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் மூன்று பதில் வரும். அனுமதிக்கப்பட்ட பணியிடம் ஒன்று. பட்டியலில் உள்ள பெயர்கள் ஒன்று. இன்று காலை வந்து உட்கார்ந்தவர்கள் ஒன்று. பட்டியலில் இருப்பவர் டெபுடேஷனில், அதாவது வேறு ஆபீஸுக்குக் கடனாகப் போய், திருவனந்தபுரத்தில் இருப்பார், இல்லையென்றால் சம்பளமில்லா லீவில் துபாயில் இருப்பார். கேரளத்தில் அரசு ஊழியர்கள் அந்த லீவை 20 வருஷம் வரை எடுக்கலாம் என்றிருந்ததை 2020இல்தான் 5 வருஷமாகக் குறைத்தார்கள். மேலிடத்துக்குப் போகும் காகிதத்தில் எல்லா நாற்காலியும் நிரம்பியிருக்கும், கவுண்டரில் ஒரே ஒருவர் முப்பது பேருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பார். இந்த மூன்றையும் தனித்தனிப் பத்தியில் போடுங்கள். கூட்டிக் கலந்து 'ஸ்டாஃப் ஸ்ட்ரெங்த்' என்று ஒரே எண் கேட்பார்கள், கொடுக்காதீர்கள்.

கலர் கலரான டாஷ்போர்டு செய்து காட்டும் ஆசையை ஒரு வருஷத்துக்கு ஒத்திவையுங்கள். பாராட்டுவார்கள், ஒன்றும் நடக்காது. பொதுத்துறையில் எண் என்பது ஃபைலில் குறிப்பாக ஏறி, அதன் கீழே இரண்டு கையெழுத்து விழுந்த பிறகுதான் எண். நாளைக்கு ஆடிட் கேட்கும், யூனியன் கேட்கும், தகவல் உரிமைச் சட்டத்தில் யாரோ ஒருவர் பத்து ரூபாய் கட்டிக் கேட்பார். எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அதற்குப் பின்னால் ஓர் உத்தரவையோ சர்வீஸ் புக்கின் பக்கத்தையோ எடுத்துக் காட்ட வேண்டும். தனியாரில் தோராயமாகச் சொல்லித் தப்பிக்கலாம், இங்கே முடியாது. எனக்கு இந்த வேலையில் பிடித்ததே அதுதான்.

எல்லைக்காரர்களுக்கே உரிய ஒரு தலைவலியும் உண்டு. நம் பக்கத்து முருகேசன் பள்ளிச் சான்றிதழில் ஆங்கில 'கே' போட்டு இருப்பார், ஆதாரில் 'ஜி' போட்டு இருப்பார். அப்பா பெயரின் இனிஷியல் ஒன்றில் முன்னால், ஒன்றில் பின்னால், மூன்றாவதில் இனிஷியலே வீட்டுப் பெயர். கம்ப்யூட்டர் மூன்று பேர் என்று சொல்லும், பி.எஃப். கிளெய்ம் திரும்பி வரும். இதைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்க உங்களைப் போலத் தமிழ் மீடியத்தில் படித்துப் பாலக்காட்டில் வளர்ந்தவர்தான் வேண்டும். சாஃப்ட்வேருக்கு இந்த வித்தை வராது.

மலையாளம் எழுதுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஃபைல் குறிப்பின் மலையாளம் ஐம்பது அறுபது வாக்கியங்களுக்குள் சுற்றிவருவது. பழைய ஃபைல்களை வாங்கி, நல்ல செக்‌ஷன் ஆபீஸர் ஒருவர் எழுதிய குறிப்புகளைக் கையால் பார்த்து எழுதிப் பழகுங்கள். ஒரு மழைக்காலம் போதும்.

போகலாமா என்று கேட்டீர்கள். போங்கள். ஆனால் கோவையில் ரிலீவிங் ஆர்டரும், சேர்ந்த தேதி, விட்ட தேதி இரண்டும் உள்ள அனுபவச் சான்றிதழும் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். புது இடத்தில் பி.எஃப். பணத்தைக் கம்பெனியே தனி டிரஸ்ட் வைத்து நடத்துகிறதா என்று கேட்டுக்கொண்டு, பழைய பணத்தை எடுக்காமல் அதே யு.ஏ.என்.னில் (வேலை மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிவிடுங்கள். முக்கியமாக, பள்ளிச் சான்றிதழ், ஆதார், பி.எஃப். மூன்றிலும் உங்கள் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்று ராத்திரியே எடுத்துப் பாருங்கள்.