விறைப்பு போனது, முட்டி ஏன் மடங்குகிறது?

கேள்வி: என் கணவருக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (மூளை, தண்டுவட நரம்புகளைத் தாக்கும் நோய்). கால் விறைப்புக்காகக் கோவை டாக்டர் பாக்லோஃபென் 10 மி.கி. மூன்று வேளை கொடுத்தார். ராத்திரியில் கால் வெட்டி இழுப்பது நின்றது. ஆனால் நடக்கும்போது முட்டி மடங்குகிறது. அந்த பிராண்ட் இங்கே கிடைப்பதில்லை. தீர்ந்துவிட்டால் நாலு நாள் விடலாமா?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

பதில்: விடவே கூடாதம்மா. உடம்பு பழகியபின் சட்டென்று நிறுத்தினால் விறைப்பு முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பும். வலிப்பு, கடுங்காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது எல்லாம் வரலாம். நிறுத்துவதானாலும் டாக்டர் சொல்லி, ஒன்றிரண்டு வாரமாவது எடுத்துப் படிப்படியாகத்தான்.

பிராண்டைத் தேடி அலைய வேண்டாம். சீட்டில் 'பாக்லோஃபென் 10 மி.கி.' என்று எழுதி வாங்குங்கள். பாலக்காட்டுக் கடையில் வேறு பெயரில் அதே மருந்து இருக்கும். அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும் மி.கி.யைப் பாருங்கள், 20 வந்துவிடப் போகிறது. பத்து மாத்திரை அட்டை அவருக்கு மூன்று நாள்தான். இரண்டு அட்டை மிச்சமிருக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

இனி முட்டி. பலமிழந்த தொடையை இத்தனை நாளும் அந்த விறைப்புதான் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கும். மருந்து அதையும் தளர்த்திவிட்டது. மூன்று நாளைக்கு ஒரு தாளில் மாத்திரை போட்ட நேரம், முட்டி மடங்கிய நேரம் இரண்டையும் குறியுங்கள். போட்ட ஒன்றிரண்டு மணி நேரத்தில் மடங்கினால் பெரும்பாலும் மருந்துதான் காரணம். பகல் வேளையை 5 ஆக்கி ராத்திரி 10ஐ அப்படியே வைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். வழக்கமாக 5 மி.கி. மூன்று வேளை என்று தொடங்கி, மூன்று நாளுக்கொருமுறை ஏற்றுவார்கள். இந்த மருந்து பெரும்பாலும் சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால் கிரியேட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்திருக்க வேண்டும். சித்தூர்ப் பக்கம் கள்ளுக்குப் பஞ்சமில்லை. இந்த மாத்திரையோடு அது ஆகாது, மயக்கம் கூடும்.

விறைப்பு திடீரென்று கூடினால் உடனே மாத்திரையைக் கூட்டாதீர்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் இவற்றில் ஏதாவது கிளப்பிவிட்டிருக்கலாம்.

பாக்லோஃபென் ஒத்துவராமல், விறைப்புக்கே கொடுக்கும் இன்னொரு மருந்தான டிசானிடினுக்கு மாற்றினால் முதலிலும் ஒரு மாதம் கழித்தும் ஈரல் பரிசோதனை வேண்டும். அதோடு, சிறுநீர்த் தொற்றுக்கு வேறொரு டாக்டர் சிப்ரோஃப்ளாக்சசின் எழுதினால் டிசானிடின் சாப்பிடுவதை முதலில் சொல்லுங்கள். இரண்டும் சேர்ந்தால் டிசானிடின் ரத்தத்தில் பல மடங்கு ஏறி, பிரஷர் சரிந்து ஆளே விழுந்துவிடுவார்.