அப்பாவுக்கு ரோபோ கால் வாங்கலாமா?

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பக்கவாதம் வந்து ஏழு வாரம் ஆகிறது. இடது கை பிடிமானம் இல்லை, இடது காலை ஊன்றி நடக்கவும் வரவில்லை. ரோபோ கால் கட்டி நடப்பவர்களின் வீடியோவைப் பார்த்துவிட்டு, வாங்கித் தரச் சொல்கிறார். பணம் சேர்த்து அடுத்த வருடம் வாங்கலாமா? துவாஸில் கிடங்கு வேலை பார்க்கும் என் கணவருக்கும் முதுகில் மாட்டும் கருவி கொடுத்திருக்கிறார்கள். போடலாமா? - ஈசூன் வாசகி, சிங்கப்பூர்

பதில்: அடுத்த வருடம் வரை காத்திருக்காதீர்கள். ரோபோ கால் போன்ற இயந்திர உதவியோடு நடைப் பயிற்சி பற்றி 62 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் அறிக்கை 2020இல் வந்தது. வழக்கமான பிசியோதெரபியோடு சேர்த்துக் கொடுத்தால் அதிகப் பலன் பெறுபவர்கள், பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருப்பவர்களும் சொந்தமாக நடக்க முடியாதவர்களும்தான் என்கிறது அது. உங்கள் அப்பா இரண்டிலும் வருகிறார். கைவசம் ஐந்தாறு வாரம் இருக்கிறது.

காரணம் எளிது. மூளை நடையை மறுபடி கற்பது, திரும்பத் திரும்பச் செய்வதால். அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்து 2009இல் வெளிவந்த ஓர் ஆய்வில், பக்கவாத நோயாளிகள் ஒரு நடைப் பயிற்சியில் வைத்த அடிகள் சராசரியாக 357 மட்டுமே. இடுப்பை ஒருவர் பிடித்து, காலை இன்னொருவர் நகர்த்தும்போது, நோயாளி களைக்கும் முன்பே பயிற்சி கொடுக்கும் எங்கள் முதுகு கழன்றுவிடும். இயந்திரம் களைப்பதில்லை.

அதற்காக அதுவே நடத்திவிடும் என்று நினைக்க வேண்டாம். மார்பு, இடுப்பு, தொடை, கணுக்கால் என்று வார்களைப் பூட்டவே கணிசமான நேரம் போகும். எக்ஸோ என்ற ரோபோ கால் போன்ற கருவியில் பயிற்சிக்கேற்ப ஓர் இயக்க முறை உண்டு: உடல் எடையை வலது காலுக்கு மாற்றினால்தான் இடது கால் எழும். மாற்றாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். "எங்க ஊர் வண்டிமாடு மாதிரில்ல இருக்கு, தட்டினாத்தான் நகருது" என்றார் என்னிடம் வந்த ஒரு தாத்தா. அந்தத் தட்டலைக் கற்றுக்கொள்வதுதான் சிகிச்சையே.

வீட்டுக்கு வாங்குவதில் இன்னொரு சிக்கல். 2014இல் அமெரிக்காவில் சொந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி பெற்ற ரீவாக் என்ற ரோபோ கால், முதுகுத்தண்டுக் காயம் பட்டவர்களுக்கானது. இரண்டு கைகளிலும் ஊன்றுகோல் பிடிக்க வேண்டும். அப்பாவின் இடது கை அதற்கு ஒத்துழைக்காது.

டான் டோக் செங், சாங்கி பொது மருத்துவமனைகளில் ரோபோ நடைப் பயிற்சி உண்டு. இந்த வாரமே அப்பாவின் மறுவாழ்வு மருத்துவரிடம், "இவருக்கு இது பொருந்துமா, எப்போது தொடங்கலாம்?" என்று கேளுங்கள். உயரம், எடை, இரத்த அழுத்தம், எலும்பு வலு, மூட்டு இறுக்கம் எல்லாம் பார்ப்பார்கள். எக்ஸோவுக்கு எடை 100 கிலோவுக்குள் இருக்க வேண்டும். பயிற்சி முடிந்ததும் வார் பட்ட இடத்தைப் பாருங்கள். உணர்ச்சி மங்கிய காலில் புண் வந்தாலும் அப்பாவுக்குத் தெரியாது. சிவப்பு அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் சொல்லிவிடுங்கள். சேமித்த பணம் கணுக்கால் பட்டைக்கும் நான்கு கால் ஊன்றுகோலுக்கும் குளியலறைக் கைப்பிடிக்கும் பயன்படட்டும். கவர்ச்சியில்லாத சாமான்கள்தான், ஆனால் தினமும் வேண்டும்.

கணவரின் கருவியில் பெரும்பாலும் மோட்டார் இருக்காது, ஸ்பிரிங்தான். குனியும்போது இறுகி, நிமிரும்போது தள்ளிவிடும். முதுகுத் தசையின் வேலையை 10 முதல் 40 விழுக்காடு வரை குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. தாராளமாகப் போடலாம், சில நிபந்தனைகளோடு. அவர் உடம்புக்கு அளவு சரிசெய்திருக்க வேண்டும். வியர்வையில் ஊறிய வார்களை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளக் கூடாது. உடம்பைத் திருகித் தூக்கினால் அது காப்பாற்றாது. ஏற்கெனவே முதுகுவலி இருந்தால் முதலில் மருத்துவரைப் பார்க்கட்டும்.

"கருவி இருக்கே, இன்னும் பத்துப் பெட்டி சேர்த்துத் தூக்கு" என்று மேற்பார்வையாளர் சொன்னால், மிச்சமான பலம் அங்கேயே தீர்ந்துபோகும். பெட்டிகளைத் தரையில் அடுக்காமல் இடுப்பு உயரத்தில் வைக்கச் சொல்லிக் கேட்கட்டும். அதற்கு ஸ்பிரிங்கூடத் தேவையில்லை.