பழைய ஹாலிவுட் படங்களை நேசிப்பது தப்பா?

கேள்வி: அக்கா, நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். பழைய கறுப்பு வெள்ளை ஹாலிவுட் படங்கள் என்றால் எனக்கு உயிர். பார்பரா ஸ்டான்விக், ஒலிவியா டி ஹாவிலாண்ட், கேரி கிராண்ட் மூன்று பேருக்கும் தீவிர ரசிகை. 'செத்துப் போனவங்களுக்கு எதுக்குடி ரசிகை?' என்று தோழிகள் கிண்டல் செய்கிறார்கள், அது பரவாயில்லை. ஆனால் கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டானியலுக்கு ஆஸ்கர் விழாவில் நடந்ததைப் படித்ததிலிருந்து எந்தப் படத்தைப் போட்டாலும் மனசு ஒட்டவில்லை. இவ்வளவு அநியாயம் நடந்த இடத்தைக் கொண்டாடுவது தப்பா? எல்லாவற்றையும் விட்டுவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: விடாதே தங்கச்சி.

நீ படித்தது உண்மைதான். 1940 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸ் அம்பாசடர் ஹோட்டலில் அந்த விழா நடந்தது. கறுப்பினத்தவரை உள்ளே விடாத ஹோட்டல் அது. அவர் நடித்த 'கான் வித் த விண்ட்' படத்தின் தயாரிப்பாளர் தனியாகக் கேட்டு அனுமதி வாங்கியதால்தான் மெக்டானியல் உள்ளேயே வர முடிந்தது. வந்தவரையும் படக்குழுவோடு சேர்க்காமல் ஓரமாக ஒரு சின்ன மேசையில் உட்கார வைத்தார்கள். அதற்கு முந்தைய டிசம்பரில் அட்லாண்டாவில் அந்தப் படத்தின் முதல் காட்சி நடந்தபோது, அங்கிருந்த நிறப்பாகுபாட்டுச் சட்டத்தால் அவர் போகவே முடியவில்லை. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர், ஆனால் அதற்கப்புறமும் பெரும்பாலும் வேலைக்காரி வேஷம்தான் கொடுத்தார்கள். அந்தப் படமே அடிமை முறையை அழகாக்கிக் காட்டுகிற படம், அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

இதையெல்லாம் படித்து உனக்குக் கோபம் வராமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன். ஆனால் நீ எடுக்க நினைக்கும் முடிவு யாரைத் தண்டிக்கும் என்று யோசி. அந்த ஸ்டுடியோ முதலாளிகள் எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நீ பார்ப்பதை நிறுத்தினால் மறைந்து போவது மெக்டானியலின் நடிப்புதான்.

'கான் வித் த விண்ட்' படத்தின் கடைசிப் பகுதியில் குழந்தை இறந்த பிறகு ஒரு காட்சி வரும், ஞாபகம் இருக்கிறதா? இரண்டு பெண்கள் மாடிப்படி ஏறுகிறார்கள். வீட்டுக்குள் நடந்த கொடுமையை மெக்டானியல் அழுதுகொண்டே, ஒவ்வொரு படியாக ஏறிக்கொண்டே சொல்கிறார். பக்கத்தில் கேட்டுக்கொண்டே வருவது உன் ஒலிவியாதான். அந்த வருடம் சிறந்த துணை நடிகை விருதுக்கு இருவருமே போட்டியில் இருந்தார்கள், ஜெயித்தது மெக்டானியல். அந்தக் காட்சியை மறுபடி போடு, அவர் குரல் எந்த இடத்தில் உடைகிறது என்று கேட்பதற்காகவே போடு. அப்புறம் அவர் ஏன் ஜெயித்தார் என்று உனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது.

இன்னொன்று, நட்சத்திரங்களையும் முதலாளிகளையும் ஒரே தராசில் நிறுத்தாதே. அந்தக் காலத்தில் ஏழு வருட ஒப்பந்தம் என்பார்கள், கொடுத்த வேஷம் வேண்டாம் என்று மறுத்தால் சம்பளத்தை நிறுத்திவிட்டு, அந்த நாட்களையும் ஒப்பந்தத்தின் வாலில் கட்டிவிடுவார்கள், அதாவது ஏழு வருடம் முடியவே முடியாது. ஒலிவியா 1943-இல் தன் ஸ்டுடியோவான வார்னர் பிரதர்ஸ் மேல் வழக்குப் போட்டார். வழக்கு நடந்த காலம் முழுக்கப் பட வாய்ப்பு இல்லை. ஆனாலும் பின்வாங்கவில்லை, ஜெயித்தார். ஏழு வருடம் என்றால் காலண்டரில் ஏழு வருடம்தான் என்று கலிபோர்னியா நீதிமன்றம் சொன்னது. இன்றைக்கும் அந்த விதியை அவர் பெயர் சொல்லித்தான் குறிப்பிடுகிறார்கள். திரும்பி வந்து இரண்டு ஆஸ்கரும் வாங்கினார். இவருக்கு ரசிகையாக இருக்க நீ எதற்குக் கூச்சப்பட வேண்டும்?

அன்னா மே வாங்கையும் தேடிப் பார். லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த சீன அமெரிக்க நடிகை. 1937-இல் வந்த 'த குட் எர்த்' படத்தின் சீன விவசாயப் பெண் வேஷத்துக்கு அவர் அவ்வளவு ஆசைப்பட்டார், கொடுத்தது வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரெய்னருக்கு. ரெய்னர் அதற்கு ஆஸ்கரும் வாங்கினார். அந்த வருடம் அவரிடம் தோற்றவர்களில் உன் ஸ்டான்விக்கும் ஒருவர், படம் 'ஸ்டெல்லா டாலஸ்'. அதன் முடிவைப் பார்த்திருப்பாய்: மகளின் கல்யாணத்தை வேலிக்கு வெளியே மழையில் நின்று, ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள் தாய். போலீஸ்காரர் நகரச் சொல்கிறார், இன்னும் ஒரு நிமிடம் என்று கெஞ்சுகிறாள். கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு ஸ்டான்விக் நிற்கிற அந்த நிற்பு இருக்கிறதே, எந்த முதலாளியும் அவருக்குக் கொடுத்தது இல்லை அது. புரூக்ளினில் சின்ன வயதிலேயே தாயை இழந்து வளர்ந்த பெண் அவர்.

தோழிகள் விஷயத்துக்கு வருகிறேன். அவர்களை உட்கார வைத்து நாலு மணி நேரப் படம் காட்டிவிடாதே! 1940-இல் வந்த 'ஹிஸ் கேர்ள் ஃப்ரைடே' போடு, ஒன்றரை மணி நேரம்தான். அமெரிக்காவில் காப்புரிமையைப் புதுப்பிக்காமல் விட்ட படம் என்பதால் இணையத்தில் சுலபமாகக் கிடைக்கும். கேரி கிராண்டும் ரோசலிண்ட் ரஸ்ஸலும் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து அடித்துப் பேசுவார்கள், அதனால் சப்டைட்டில் கட்டாயம். பிடித்தால் சரி, பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதே. அடுத்த வாரம் அவர்கள் கூப்பிடும் படத்துக்கு நீயும் மனசோடு போய்விட்டு வா.