நெற்றியோரம் முடி தேய்ந்த பிள்ளைக்கு மறுபடி லாக்ஸ் போடலாமா?

லண்டன் குரொய்டனிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். கணவர் ஜமைக்கா வம்சாவளி. 11 வயது மகளுக்கு அப்பாவின் அடர்ந்த சுருள்முடி. ஈஸ்டர் விடுமுறையில் ஒரு கடையில் சவுரி வைத்து ஃபோ லாக்ஸ் (சொந்த முடிமேல் வெளிமுடியைச் சுற்றிக் கயிறு கயிறாகத் தொங்கவிடும் பாணி) போட்டிருக்கிறார்கள். மூன்று இரவு தலையணையில் தலை வைக்க முடியாமல் பிள்ளை அழுதிருக்கிறாள். நெற்றியோரம் வெள்ளைப் பருக்கள் வந்தன. கழற்றிய பிறகு பார்த்தால் இரண்டு காதுகளுக்கும் முன்னால் முடி தேய்ந்திருக்கிறது. செப்டம்பரில் ஏழாம் வகுப்புக்குப் புதுப் பள்ளி. அதற்கு முன் பட்டர்ஃபிளை லாக்ஸ், அதாவது வளையங்கள் பிசிறி நிற்கும் வகை, வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடிக்கிறாள். இன்ஸ்டாகிராமில் கிடைத்த ஒரு பெண் 60 பவுண்ட் முன்பணம் கேட்கிறார். ‘இந்தியன் ஹியூமன் ஹேர்’ ஏழு பாக்கெட் வாங்கி வந்தால் முடி கொட்டாது என்கிறார். “போடலாமா? எந்த முடி வாங்குவது?” இதுதான் கேள்வி.

செப்டம்பருக்கு வேண்டாம். டிசம்பர் விடுமுறைக்குப் போடலாம், அதுவும் நான் கீழே சொல்லும் விதத்தில். அந்த முன்பணத்தை அனுப்பாதீர்கள். ஏழு பாக்கெட்டும் வாங்காதீர்கள்.

முடி தேய்ந்ததற்குக் காரணம் இழுவை. வேரை வாரக்கணக்கில் யாரோ பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தால் வேர்க்கால் முதலில் வீங்கும், பருவாகும், பிறகு முடியை விட்டுவிடும். நெற்றியோரத்திலும் காதோரத்திலும் இருப்பது மெல்லிய முடி என்பதால் அடி முதலில் அங்கேதான் விழும். “அப்பா வழி முடி அப்படித்தான்” என்று வீட்டில் யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த வகை முடியிழப்பு முதன்முதலில் மருத்துவ ஏட்டில் பதிவானது 1907-இல், கிரீன்லாந்துப் பெண்களிடம். அவர்கள் முடியை இறுக்கி உயர்த்திக் கட்டுவார்கள். எந்த இனத்து முடியானாலும் இழுத்தால் போகும்.

நல்ல சேதி, ஆரம்பத்தில் கவனித்தால் இது திரும்ப வரும். பகல் வெளிச்சத்தில் மகளை ஜன்னலோரம் உட்கார வைத்துத் தேய்ந்த இடத்தைப் பாருங்கள். ஊசி குத்தியதுபோல் சிறு சிறு புள்ளிகளும் பூனைமுடியும் தெரிந்தால் வேர் உயிரோடு இருக்கிறது. தோல் வழவழப்பாக, பளபளப்பாக, புள்ளியே இல்லாமல் இருந்தால் நாள் கடத்தாமல் உங்கள் குடும்ப மருத்துவரிடம் (ஜி.பி.) போய்த் தோல் மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். பருக்களில் சீழ் இருந்தாலும் ஜி.பி.தான். காத்திருப்புப் பட்டியல் நீளம் என்று தெரியும். பிள்ளையின் முடிக்கு மட்டும் எல்லோரும் “பார்க்கலாம்” என்பார்கள். படம் எடுத்துத் தேதி போட்டு வைத்துக்கொண்டு விடாமல் கேளுங்கள். இடையில் ‘டிரைக்காலஜிஸ்ட்’ (முடி நிபுணர்) என்று பலகை மாட்டிய கடைகள் கண்ணில் படும். பிரிட்டனில் அந்தப் பட்டத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. முறையாகப் படித்தவரும் அதைப் போட்டுக்கொள்ளலாம், நேற்று கடை திறந்தவரும் போட்டுக்கொள்ளலாம். கேமராவை உச்சந்தலையில் வைத்துத் திரையில் பயமுறுத்தி சீரம் விற்பவரிடம் போய்விடாதீர்கள். மினாக்ஸிடில் போன்ற முடி வளர்ச்சி மருந்துகளை மருத்துவர் சொல்லாமல் பிள்ளைக்குத் தடவவே கூடாது.

இப்போது அந்த ‘இந்தியன் ஹியூமன் ஹேர்’ கதைக்கு வருகிறேன். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. நம் ஊர் முடி உலகச் சந்தைக்குப் போவது உண்மை. திருமலையில் காணிக்கையாகச் செலுத்தும் முடியைத் தேவஸ்தானம் ஏலம் விடுகிறது, அது தொழிற்சாலைகளுக்குப் போய், வேரும் நுனியும் ஒரே திசையில் அடுக்கப்பட்டு ‘ரெமி’ என்ற பெயரில் விலையாகிறது. ஆனால் சீப்பிலும் குளியலறையிலும் உதிர்ந்து, தெருத் தெருவாகச் சேகரித்த முடியும் அதே சந்தைக்குத்தான் வருகிறது. திசை கலந்த அந்த முடியை அமிலத்தில் முக்கி மேல் செதிலைச் சுரண்டி, சிலிகோன் பூசிப் பளபளப்பாக்குவார்கள். இரண்டு மூன்று தலைக்குளியலில் பூச்சு போகும், முடி சிக்காகும். பாக்கெட்டில் ‘நூறு சதவீதம்’ என்று அச்சடித்துவிட்டுச் செயற்கை இழையைக் கலப்பவர்களும் உண்டு. இரண்டு இழையை எடுத்து, பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது, பாத்திரத் தொட்டிக்கு மேலே பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். மனித முடி பொசுங்கிச் சாம்பலாகும், முடி கருகும் அந்த நாற்றம் வரும். செயற்கை இழை உருகிக் கெட்டியான கருமணியாக உருளும்.

சரி, அசல் முடியே கிடைத்தாலும் உங்கள் மகளுக்கு அது தேவையில்லை. நம் முடி வழுக்கும். வழுக்கும் முடியை லாக்காகச் சுற்றி நிறுத்த வேண்டுமானால் வேரில் இன்னும் இறுக்கித்தான் பிடிக்க வேண்டும். எதனால் முடி தேய்ந்ததோ அதையே கூடுதல் விலைக்கு வாங்குவதாக ஆகும். நுனியில் சுருள் தொங்கும் காடஸ் லாக்ஸுக்கு, அந்த நுனிக்கு மட்டும், மனித முடி நன்றாக இருக்கும். பட்டர்ஃபிளை லாக்ஸுக்கு வாட்டர் வேவ் எனப்படும் அலையலையான செயற்கை முடிதான் சரி. அந்த அலைதான் பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற வளையங்களை வெளியே தள்ளி நிற்க வைக்கிறது.

செயற்கை முடியிலும் கவனம் வேண்டும். பல பாக்கெட்டுகளில் இழைமேல் காரப் பூச்சு இருக்கும். அதுதான் முதல் வார அரிப்புக்குப் பெரிய காரணம். போடுவதற்கு முந்தின நாள் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்பிள் சிடர் வினிகர் கலந்து அரை மணி நேரம் ஊறவையுங்கள். மேலே வெள்ளையாக ஏடு மிதந்தால் கழுவி மறுபடி ஊறவையுங்கள். ஏடு நின்றதும் அலசி, நிழலில் முழுக்கக் காயவிடுங்கள். ஆனால் வினிகரால் எல்லாம் போய்விடாது. 2025-இல் அமெரிக்காவின் கன்சூமர் ரிப்போர்ட்ஸ் நிறுவனம் பின்னலுக்கான 10 செயற்கை முடிப் பொருட்களைச் சோதித்தது; எல்லாவற்றிலும் புற்றுநோயோடு தொடர்புடைய ரசாயனங்கள் இருந்தன, 9-இல் ஈயம் இருந்தது. வளரும் பிள்ளைகள் தலையில் வாரக்கணக்கில் வைத்துக்கொள்ளும் பொருளைப் போதிய சோதனை இல்லாமல் இத்தனை வருடம் விற்க விட்டிருக்கிறார்கள். அதனால்தான் சொல்கிறேன்: குறைந்த முடி, குறைந்த நாள், கழுத்து அளவு நீளம். முடி நுனியை வாயில் வைக்கும் பழக்கம் மகளுக்கு இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

போடும் முறையில் நீங்கள் பார்க்க வேண்டியது வேர்ப்பக்கம் மட்டும். கீழே எப்படிச் சுற்றுகிறார்கள் என்பது அழகுக்கான விஷயம். வகிடு எடுத்த ஒவ்வொரு கட்டமும் சுமார் இரண்டரை சென்டிமீட்டர் சதுரம் இருக்கட்டும். சின்னக் கட்டத்தில் பெரிய லாக் தொங்கினால் கொஞ்ச முடி நிறையச் சுமை தாங்க வேண்டிவரும். ரப்பர் பேண்ட் போட்டு ஆரம்பித்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். சுற்றுவது வேரிலிருந்து ஒரு விரல் அகலம் விட்டுத் தொடங்கட்டும். நெற்றியோர முடியை, இரண்டு விரல் அகலத்துக்கு, தொடவே வேண்டாம். பட்டர்ஃபிளை லாக்ஸ் கொஞ்சம் கலைந்து பிசிறாக இருப்பதற்காகவே உருவான பாணி. அதை இறுக்கித்தான் நிறுத்த வேண்டும் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு அந்த வேலை தெரியாது.

பாதி வேலையில் மகளிடம் புருவத்தைத் தூக்கச் சொல்லுங்கள். நெற்றித் தோல் இழுத்துக்கொண்டு வலித்தாலோ, வேரடியில் தோல் எழும்பிப் புடைத்து நின்றாலோ அந்த லாக்கை அப்போதே கழற்ற வேண்டும். “முதல் இரண்டு நாள் வலிக்கும், அப்புறம் பழகிவிடும்” என்ற பேச்சை ஏற்காதீர்கள். வலி என்பது அளவுக்கு மீறி இழுத்ததன் அடையாளம், அவ்வளவுதான். பிள்ளைக்கு, முடி பிரியாமல் இருக்க நுனியைக் கொதிநீரில் முக்கும் வேலையும் வேண்டாம். அது தேவைப்படாத முறையில் முடித்துத் தரச் சொல்லுங்கள்.

டிசம்பருக்கு முன்பு ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன். குடும்பத்தில் கல்யாணம் வருகிறது, எல்லா மச்சாள்மாரும் லாக்ஸ் போடுகிறார்கள், இவள் மட்டும் இல்லாமல் இருக்க முடியாது என்ற நிலை வந்தால், முன்கூட்டியே செய்துவைத்த குரோஷே லாக்ஸைக் கொக்கியால் மாட்டலாம். ஆனால் இதற்கு அடியில் தலையோடு ஒட்டிப் பின்னும் கார்ன்ரோ வேண்டும். அந்தக் கார்ன்ரோ நெற்றியோரத்தில் தொடங்கினால் குரோஷேயாக இருந்தாலும் ஒன்றுதான், பட்டர்ஃபிளையாக இருந்தாலும் ஒன்றுதான். ஆகவே பின்னல் உச்சிக்கு முன்னால், தேய்ந்த இடத்துக்கு நன்றாகப் பின்னால் தொடங்க வேண்டும். காதோரத்தில் பின்னலே கூடாது. முன்முடியைச் சும்மா முறுக்கி லாக்ஸ் மேல் படியவிட வேண்டும். பருக்கள் முழுக்க ஆறியிருக்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் ஒரு நாள் கூட வைக்கக் கூடாது. காதோரம் புதிதாகப் பூனைமுடி வந்திருக்கிறதா என்று போடுமுன் பாருங்கள். வராமல் இருந்தால் கல்யாணமே ஆனாலும் வேண்டாம். வந்திருந்தும், போட்ட அன்று இரவு வலித்தால், மறுநாள் காலையே கொக்கியால் கழற்றிவிடலாம். குரோஷேயைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுதான் காரணம்.

செப்டம்பருக்கு அவளுடைய சொந்த முடியையே ஈரத்தில் கண்டிஷனர் தடவி இரட்டை முறுக்காகத் தொங்கவிடுங்கள். முன்னால் ஜெல் தடவிப் பல்துலக்கியால் தேய்த்துப் படியவைக்கும் வேலை மூன்று மாதத்துக்கு வேண்டாம். டிசம்பரில் லாக்ஸ் போட்ட பிறகும் முதல் இரண்டு வாரம் உச்சிக்கொண்டை கிடையாது. எல்லா லாக்ஸையும் மேலே குவித்தால் சுமை முழுவதும் பிடரிக்கும் நெற்றியோரத்துக்கும் போகும். பிடரியில் தளர்வாக ஒரு துணிப்பட்டி, அல்லது மேல்பாதியை மட்டும் லேசாகப் பின்னுக்கு எடுத்துக் கட்டுவது போதும். இரவில் சாட்டின் தொப்பி. தலையைக் கழுவும்போது ஷாம்பூவைத் தண்ணீரில் கரைத்து முனை நீண்ட புட்டியால் வகிடு வழியே தோலுக்கு மட்டும் விடுங்கள்; உள்ளே ஈரம் நின்றால் நாறும், எனவே ட்ரையரின் குளிர்காற்றில் அடிவரை காயவையுங்கள். நம் வீட்டுப் பழக்கத்தில் தேங்காய் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். எண்ணெய் லாக்குக்குள் தங்கித் தூசியைப் பிடிக்கும், பொடுகு இருந்தால் அதையும் வளர்க்கும்.

புதுப் பள்ளி இந்தப் பாணியைத் தடுக்குமோ என்ற பயம் உங்கள் கடிதத்தில் ஓரமாக இருந்தது. 2022 அக்டோபரில் பிரிட்டனின் சமத்துவ, மனித உரிமை ஆணையம் தெளிவாகவே வழிகாட்டியது: லாக்ஸ், பின்னல், ஆஃப்ரோ (விரிந்து நிற்கும் சுருள்முடி) போன்றவற்றை இன அடிப்படையில் விலக்குக்கு இடமில்லாமல் தடை செய்யும் விதி சட்டவிரோதமாக இருக்க வாய்ப்பு அதிகம். இது எல்லாப் பள்ளிக்கும் தெரிந்திருக்க வேண்டும். இன்னும் தாய்மார்கள்தான் அந்தத் தாளை அச்செடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போகிறார்கள். சேர்க்கையின்போதே மின்னஞ்சலில் எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிவையுங்கள்.

முன்பணம் கேட்பவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்த நாட்டில் முடிதிருத்தக் கடை வைக்க நாடு தழுவிய உரிமம் எதுவும் தேவையில்லை. 1964-இல் ஒரு பதிவுச் சட்டம் வந்தது. பதிவு செய்வதும் செய்யாததும் அவரவர் விருப்பம். ஆஃப்ரோ முடியைக் கையாளும் திறன் முடிதிருத்தத் தொழிலின் தேசியத் தரங்களில் கட்டாயமானதே 2021-இல்தான். இந்த ஓட்டைக்குள்தான் இடைத்தரகர்கள் நுழைகிறார்கள். படம் ஒருவருடையது, பணம் வாங்குவது இன்னொருவர், அன்று கதவைத் தட்டுவது பழகுநராக வந்த மூன்றாமவர். பிள்ளை தலையில் கை வைக்கப் போகிறவர் யார், அவர் போட்டுவிட்ட ஒருவரின் நெற்றியோரம் ஆறு வாரத்துக்குப் பிறகு எப்படி இருந்தது என்று கேளுங்கள். போட்ட அன்றைய படம் எல்லோரிடமும் இருக்கும். கழற்றிய அன்றைய படத்தைக் காட்டுபவரிடம் போங்கள். பிரிக்ஸ்டனிலும் பெக்கமிலும் உங்களுக்குப் பக்கத்திலேயே அப்படிப்பட்ட பெண்கள் இருக்கிறார்கள். உங்கள் மாமியாரிடமும் கேளுங்கள், அவருக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார்.

பாக்கெட் கணக்கு: கழுத்தளவுக்கு மூன்று நான்கு போதும். ஏழு என்று சொல்பவர் நீளத்துக்கும் விலைக்கும் கணக்குப் போடுகிறார். வாங்கியதைச் சமையலறைத் தராசில் வைத்து மகளிடம் காட்டுங்கள், தலையில் எவ்வளவு தொங்கப் போகிறது என்று அவளே பார்க்கட்டும். நனைந்தால் இன்னும் கனக்கும்.

ஆறு வாரத்தில் கழற்றுங்கள், எட்டைத் தாண்ட வேண்டாம். போடுமுன் அவள் முடியை இழுத்து அளந்து எழுதிவைத்திருந்தால்தான் எந்த இடத்தில் லாக்கை வெட்டலாம் என்று தெரியும். அளக்காமல் வெட்டி சொந்த முடியையும் சேர்த்து அறுத்த கதைகள் ஏராளம். பிரிக்கும்போது கை நிறைய முடி வரும், பயப்படாதீர்கள். மனிதத் தலையில் நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழக்கம். ஆறு வாரத்தில் அது 2,000-ஐத் தாண்டும், விழ இடமில்லாமல் எல்லாம் லாக்குக்குள்ளேயே சேர்ந்திருக்கும். வேரோடு சேர்ந்த தூசித் திட்டைக் காய்ந்த நிலையிலேயே விரலால் பிரித்து, சிக்கெடுத்த பிறகுதான் தண்ணீர் விட வேண்டும். முதலிலேயே நனைத்தால் அது இறுகிக் கத்தரி கேட்கும். அன்றே அடுத்த செட் போட்டுத் தருகிறேன், தள்ளுபடி தருகிறேன் என்பார்கள். வேண்டாம் என்று சொல்லிப் பிள்ளையை வீட்டுக்கு அழைத்து வந்துவிடுங்கள். இரண்டு வாரமாவது தலையில் ஒன்றும் தொங்காமல் இருக்கட்டும்.