பட்டா உங்கள் பெயரில் இருந்தால் போதுமா?

கேள்வி: என் கணவர் சம்பாதித்துக் கட்டிய வீடு. உயில் எழுதாமல் போய்விட்டார். பட்டாவை என் பெயருக்கு மாற்றிவிட்டேன். பெரிய மகன் எட்டிப் பார்ப்பதில்லை. அப்பா காரியத்துக்கே மூன்று நாள்தான் இருந்தான். மகளுக்குக் குறையில்லை. என்னைக் கவனிக்கும் சின்னவனுக்கே வீட்டைத் தர நினைக்கிறேன். உயில் என்றால் புரொபேட், கோர்ட் என்று அலைய வேண்டுமாமே? இப்போதே செட்டில்மென்ட் எழுதிவிடலாமா?

பதில்: செட்டில்மென்ட் என்பது உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக்கொடுக்கும் பத்திரம். அதற்குப் புரொபேட், அதாவது உயிலைக் கோர்ட்டில் மெய்ப்பிப்பது, தேவையில்லை, சரிதான். ஆனால் அம்மா, எழுதிக்கொடுக்க உங்களிடம் இருப்பது கால் பங்குதான். காரியத்துக்குப் பெரியவர் எத்தனை நாள் இருந்தார் என்று எந்த நீதிபதியும் கேட்கமாட்டார். 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி உங்களுக்கும் மூன்று பிள்ளைகளுக்கும் சமபங்கு. கணவர் இறந்தபோது மாமியார் இருந்திருந்தால் அவருக்கும் ஒன்று. பட்டா உரிமைப் பத்திரம் ஆகாது. முழு வீட்டையும் எழுதிப் பதிந்தாலும், நாளைக்குச் சின்னவர் கடன் கேட்டுப் போகும்போது வாரிசுச் சான்றில் நாலு பெயரைப் பார்த்து வங்கி வக்கீல் ஃபைலை மூடிவிடுவார்.

அதனால் பெரியவரைக் கூப்பிட்டு ஒரு தொகை பேசி முடியுங்கள். அவரும் மகளும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து உங்கள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதட்டும், சின்னவரும்தான். அப்புறம் முழு வீட்டையும் நீங்கள் சின்னவருக்கு எழுதலாம். பாகப்பிரிவினை வழக்கு என்று போனால் வக்கீல்களான எங்களுக்கு வருடக்கணக்கில் ஃபீஸ் வரும், அவ்வளவுதான்.

அப்புறம், நான் அதிகம் பயப்படுவது இதற்கு. ஒரு அம்மா மஞ்சள் பையில் பத்திர நகலோடு வந்தார். ‘இன்று முதல் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ என்று மகனுக்கு எழுதிக்கொடுத்திருந்தார். மாடி வாடகை மகனுக்கு, அம்மாவுக்கு மொட்டைமாடி அறை. ‘நான்தானே எழுதினேன், ரத்து செய்யுங்கள்’ என்றார். உயிலைக் கிழித்துப்போடலாம், செட்டில்மென்ட்டை அப்படி முடியாது. மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23இன்படி கோட்டாட்சியரிடம் மனு போடலாம்தான். ஆனால் ‘பராமரிக்க வேண்டும் என்று பத்திரத்தில் எங்கே இருக்கிறது?’ என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வி.

ஆகவே ஆயுள் உள்ளவரை குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உங்களுக்கே உரிமை என்றும், பராமரிக்கத் தவறினால் பத்திரம் செல்லாது என்றும் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன்னால், சின்னவரை வெளியே உட்காரவைத்துவிட்டு, வரைவை ஒருமுறை முழுசாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள்.