குழந்தை வளர்ப்பை ஆராய்ந்தால் பிழைக்க முடியுமா?

கேள்வி: எம்.எஸ்சி. உளவியல் கடைசி ஆண்டு படிக்கிறேன். ஊர் கோபிசெட்டிபாளையம். குழந்தைகள் கோபத்தையும் பயத்தையும் வீட்டில் எப்படிக் கையாளப் பழகுகிறார்கள் என்று பிஎச்.டி. செய்ய ஆசை. வீட்டில் பி.எட். படிக்கச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் பணத்தைப் பேசிவிடுவோம், வீட்டில் கேட்பது அதைத்தான். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பிஎச்.டி. முடிக்க நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்று வையுங்கள். நடுவில் 240 நாள் வரை பேறுகால விடுப்பு உண்டு. கல்யாணப் பேச்சு நடக்கிற வீடு என்றால் இதையும் சொல்லி வையுங்கள். அரசுக் கல்லூரியில் உதவிப் பேராசிரியருக்குத் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. தனியாரில் பல இடங்களில் இதைவிட நன்றாகவே குறையும்.

பாரதியார் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறை இருக்கிறது, கோவையில் அவினாசிலிங்கம் பெண்கள் பல்கலைக்கழகத்தில் மனித மேம்பாட்டுத் துறை இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழகத்தைவிட ஆய்வுக்கு வழிகாட்டும் கைடுதான் முக்கியம். அவருடைய மாணவர்கள் வீடுகளுக்குப் போய்ப் பார்க்கிறார்களா, பள்ளியில் கேள்வித்தாள் கொடுத்து வாங்குவதோடு சரியா என்று விசாரியுங்கள்.

ஏனென்றால் இந்தத் துறையே வீட்டுக்குள் போய்ப் பார்த்து வளர்ந்தது. மேரி ஐன்ஸ்வொர்த் என்ற உளவியலாளர் 1950-களில் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்த் தாயையும் குழந்தையையும் கவனித்தார். தாய் சில நிமிடம் அறையை விட்டுப் போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்க்கும் முறையை அப்புறம்தான் அமெரிக்காவில் உருவாக்கினார். அதையே ஜப்பானில், தாயைப் பிரிந்து பழகாத குழந்தைகளிடம் செய்தபோது பல குழந்தைகள் தாங்க முடியாமல் அழுதன. முடிவை எப்படி எடுத்துக்கொள்வது என்பதே விவாதமானது. நம் பக்கமும் அப்படித்தான். அம்மா திருப்பூரில் பனியன் கம்பெனிக்குப் போக, குழந்தையை அம்மாயி (அம்மாவின் அம்மா) வளர்க்கிற வீட்டில், தாய்க்கென்று அச்சடித்த கேள்வித்தாளை யாரிடம் கொடுப்பீர்கள்?

வீட்டுக்குள் போய் என்ன பார்ப்பது? ஓர் உதாரணம்: சாயங்காலம் ஏழு மணி. நாலு வயதுப் பையனின் பொம்மையை அக்கா பிடுங்குகிறாள், அவன் அடிக்கிறான். “அழுவாத சாமி” என்று அம்மாயி தூக்கிக்கொள்கிறார். “ஏன்டா அடிச்ச?” என்கிறார் அம்மா. அப்பா செல்போனை நீட்டுகிறார். யார் முதலில் வந்தார், என்ன சொன்னார், அவன் எவ்வளவு நேரத்தில் அடங்கினான் என்பதை மட்டும் எழுதுங்கள். காரணம் தேடுவது பிறகு. நடந்ததை வீடியோவும் எடுங்கள்; அதை வேறொருவரும் தனியாகப் பார்த்துக் குறிக்க வேண்டும். இருவர் குறிப்பும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்த்த பிறகே அதை நம்பலாம். நெறிமுறைக் குழு அனுமதி, பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கேமராவைத் தொடாதீர்கள். பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும்.

இந்த ஆண்டு ஆய்வேட்டுக்கே இதைத் தலைப்பாக எடுங்கள். ஐந்தாறு வீடு போதும். கைடைப் பார்க்கப் போகும்போது அந்தக் குறிப்புகளைக் கையோடு கொண்டுபோங்கள்.