வீட்டில் கடைசி நாட்கள்: கேள்வி பதில்

கே: அப்பா சாப்பிட்டு மூணு நாளாச்சு சிஸ்டர். குளுக்கோஸ் ஏத்தலாமா?

உடம்பு ஓயும்போது பசி தானாக அடங்கிவிடும். சிறுநீரகம் வேலை செய்யாதபோது ஏற்றும் குளுக்கோஸ் காலிலும் நுரையீரலிலும் தேங்கி மூச்சுத் திணறலைக் கூட்டும். அவருக்குத் தொந்தரவு வாய் வறட்சிதான். கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீரில் அரை டீஸ்பூன் உப்பு போடுங்கள். மெல்லிய துணியை அதில் நனைத்துப் பிழிந்து விரலில் சுற்றி, ஈறு, நாக்கு, கன்னத்தின் உட்புறம் எல்லாம் இரண்டு மணிக்கொரு முறை துடைத்துவிடுங்கள்.

கே: எல்லாரும் வரிசையா வந்து பால் ஊத்தணும்னு பெரியப்பா சொல்றாரு.

விழுங்க முடியாதவருக்கு ஒரு ஸ்பூன் பாலும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம்; இருமித் தள்ளத் தெம்பிருக்காது. பதினைந்து பேர் பதினைந்து ஸ்பூன் ஊற்றினால் என்ன ஆகும்? சடங்கை விடவேண்டாம். பாலில் தொட்ட பஞ்சை ஒட்டப் பிழிந்து உதட்டில் தடவட்டும். பெரியப்பாவையே முதலில் தடவச் சொல்லுங்கள், மற்றவர்கள் அப்படியே செய்வார்கள்.

கே: தாத்தாவுக்குத் தொண்டையில கொரகொரன்னு சத்தம். சக்ஷன் மெஷின் எடுக்கவா?

வேண்டாம். விழுங்காத எச்சில் தேங்கி, மூச்சு அதனூடே போகிற சத்தம் அது. நினைவு மங்கியவருக்குப் பெரும்பாலும் அது தெரிவதில்லை, கேட்கிற நமக்குத்தான் வயிற்றைப் பிசையும். மெஷினின் உறிஞ்சுகுழாயைத் தொண்டைக்குள் விட்டால் குமட்டும், ரத்தம் கசியும். ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகுக்குத் தலையணை கொடுங்கள். டாக்டர் எழுதும் கிளைக்கோபைரோலேட் ஊசி இனி ஊறும் எச்சிலைத்தான் குறைக்கும், தேங்கியதை வற்றவைக்காது. அதனால் சத்தம் தொடங்கியதுமே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கே: வலிக்கு மார்ஃபின் கொடுத்தா சீக்கிரம் போயிடுவாங்களா?

டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் இல்லை. சாதாரண மாத்திரை சுமார் 4 மணி நேரம் தாங்கும். வலி வரட்டும் என்று காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுங்கள். மார்ஃபின் மலத்தைக் கட்டும், அதனால் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் வேண்டும். படுக்கையில் புரண்டு துணியைப் பிடித்து இழுத்தால், உடனே வலி என்று முடிவுகட்டாமல் அடிவயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கெட்டியாக உப்பியிருந்தால் சிறுநீர் அடைத்திருக்கலாம். குழாய் போட்டதும் அமைதியாகிவிடுவார்கள்.

கே: வென்டிலேட்டர் வேண்டாம்னு அம்மா எழுதிவைக்கலாமா?

எழுதலாம். உச்ச நீதிமன்றம் 2018-இல் அனுமதித்தது. 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்று வாங்கினால் போதும். தன் சார்பில் முடிவெடுப்பவர் பெயரையும் அம்மா எழுத வேண்டும். நகலைப் பீரோவில் பூட்டாதீர்கள். நடுராத்திரியில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுகிறவர் கைக்கு அது எட்ட வேண்டும்.